சரக்குக்கறி இருக்கட்டும், தேன் போத்தலை மூடுங்கோ

ஜேர்மனியில் முதற்பிள்ளை பெற்றிருக்கும் எங்கள் இளம் தாய்மாருக்குப் புத்திமதிக்குப் பஞ்சமே இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா வட்ஸ்அப்பில் ஒன்று சொல்லுவா. லண்டனிலிருந்து மாமி இன்னொன்று சொல்லுவா. வீட்டுக்கு வரும் ஹெபாமே, அதுதான் எங்கள் மருத்துவிச்சி, இரண்டுக்கும் எதிராக மூன்றாவதைச் சொல்லிவிட்டுப் போவா. இரவு மூன்று மணிக்குப் பிள்ளை வீரிட்டு அழும்போது மட்டும் இந்த மூவரில் ஒருவரும் பக்கத்தில் இருக்கமாட்டார்கள்.

நான் இந்த நாட்டுக்கு அகதியாக வந்து முப்பது வருடங்களுக்கு மேலாகிறது. பிள்ளை பார்க்கவென்று எத்தனையோ வீடுகளுக்குப் போய் வந்திருக்கிறேன். பார்த்ததில் எனக்குப் பட்டது இதுதான். ஊர்ப் பழக்கங்களில் தாய்க்கென்று இருந்தவை பெரும்பாலும் நல்லவை. பிள்ளைக்கென்று இருந்தவற்றில் சில ஆபத்தானவை. நாங்களோ தாய்க்கானதைக் கைவிட்டுவிட்டு, பிள்ளைக்கானதை மட்டும் தொலைபேசியில் கேட்டுக் கேட்டுச் செய்துகொண்டிருக்கிறோம்.

ஊரில் பிள்ளைப்பெத்தவள் முப்பத்தொன்று கழியும்வரை அடுப்படிப் பக்கம் போகமாட்டாள். அதற்குத் துடக்கு என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் பலன் என்னவோ ஒரு மாத ஓய்வு. நொச்சியும் பாவட்டையும் போட்டு அவித்த வெந்நீரில் யாராவது வார்த்துவிடுவார்கள். மல்லி, மிளகு, சீரகம், உள்ளி அரைத்த சரக்குக்கறியும் பால்சுறா வறையுமாகச் சுடச்சுடச் சோறு வரும். பிள்ளையைத் தூக்க நாலு கை இருக்கும்.

இங்கே என்ன நடக்கிறது? வயிற்றை வெட்டிப் பிள்ளை எடுத்துப் பத்து நாள்கூட ஆகாத ஒரு பெண், பிள்ளை பார்க்கப் போன எங்களுக்குத் தேத்தண்ணி போடச் சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். புருசன் இரண்டு வேலை. சகோதரங்கள் ஒன்று கனடா, ஒன்று ஊரில். அவளைப் பிடித்து இருத்திவிட்டு நான்தான் குசினிக்குள் போனேன். வந்திருந்த பத்துப் பேரும் பிள்ளை யார் மாதிரி என்று ஆராய்ந்தார்கள். "நீ சாப்பிட்டியா, நித்திரை கொண்டியா?" என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆகவே தங்கச்சிமாரே, அம்மா சொல்லும் சரக்குக்கறியைச் சந்தோசமாகச் சாப்பிடுங்கோ. தண்ணீரை மட்டும் குறைக்காதேங்கோ. தண்ணி குடித்தால் வயிறு வைக்கும் என்பது வெறும் கதை. பால் கொடுக்கிறவளுக்குத் தாகம் கூடத்தான் செய்யும்.

இனிப் பிள்ளையின் விசயம். தேன் தொட்டு நாக்கில் வைக்கச் சொன்னால், ஒரு வயது முடியும்வரை முடியாது என்று சொல்லிவிடுங்கோ. தேனில் போட்டுலிசம் என்ற நோயைத் தரும் கிருமியின் வித்துகள் இருக்கலாம். பச்சைக் குழந்தையின் குடலில் அவை வளர்ந்து நஞ்சாகி மூச்சையே நிறுத்தக்கூடியவை. சீனித்தண்ணி, வசம்பு, கிரைப் வாட்டர் ஒன்றும் தேவையில்லை. ஆறு மாதம்வரை பால் போதும், வெறும் தண்ணீரும் வேண்டாம். கண்ணுக்கு மை பூசாதேங்கோ. கடைகளில் விற்கும் மைகளில் ஈயம் இருப்பது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது.

"உனக்குப் பால் காணாது, புட்டிப்பால் குடு" என்று மூன்றாம் நாளே சொல்லுவார்கள். முதல் நாட்களில் வரும் சீம்பால் கொஞ்சமாகத்தான் இருக்கும், பிள்ளையின் வயிறும் சின்னன்தான். பால் காணுமோ என்று அறிய, பம்பஸை எண்ணுங்கோ. ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு தரமாவது நனைய வேண்டும். முதலில் குறைந்த நிறை இரண்டு கிழமைக்குள் பிறந்த நிறைக்குத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் டொக்டரிடம் கேளுங்கோ. மாப்பால் கொடுக்க வேண்டி வந்தாலும் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நித்திரைக்கு எப்போதும் நிமிர்த்திப் படுக்க வையுங்கோ. உங்கள் அறையிலேயே தனிக் கட்டில், உறுதியான மெத்தை, உறக்கப்பை. தலையணை, கம்பளி, பொம்மை ஒன்றும் வேண்டாம். அறை 16 முதல் 18 பாகை போதும். 1990களில் பல நாடுகளில் நிமிர்த்திப் படுக்க வைக்கச் சொல்லத் தொடங்கிய பிறகு, தொட்டிலில் திடீரெனச் சாகும் குழந்தைகளின் தொகை பெருமளவு குறைந்தது. ஏணை கட்ட ஆசையென்றால் நீங்கள் பக்கத்தில் இருந்து ஆட்டுங்கோ. விட்டுவிட்டுப் போகாதேங்கோ.

எண்ணெய் பூசிக் காலை வெயிலில் காட்டுவது ஊரில் சரி. இங்கே மாரிகால வெயிலில் எங்கள் கறுத்தத் தோலுக்கு விற்றமின் டி கிடைக்காது. டொக்டர் தரும் விற்றமின் டி குளிசையை ஒவ்வொரு நாளும் கொடுங்கோ.

எங்கள் நிறத்தைப் பற்றி இன்னும் இரண்டு விசயம். மஞ்சள் காமாலை எங்கள் பிள்ளைகளின் தோலில் இலகுவில் தெரியாது. பகல் வெளிச்சத்தில் யன்னலருகே கொண்டுபோய்க் கண்ணின் வெள்ளையையும் முரசையும் பாருங்கோ. மஞ்சளாக இருந்து பிள்ளை பால் குடிக்காமல் தூங்கி வழிந்தால், அல்லது மலம் வெள்ளையாகப் போனால் பிந்த வேண்டாம், உடனே டொக்டர். மற்றது, எங்கள் பிள்ளைகள் பலருக்கு இடுப்பில் நீலமாக ஒரு மச்சம் இருக்கும். நாளைக்குக் குழந்தைகள் காப்பகத்தில் அடித்த காயம் என்று நினைத்து விசாரணை வரக்கூடாது. பரிசோதனைகளைப் பதியும் மஞ்சள் கொப்பியில் டொக்டரைக் கொண்டு இப்போதே எழுதிவையுங்கோ.

மூன்று மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு 38 பாகை காய்ச்சல் என்றால் கைவைத்தியம் பார்க்காதேங்கோ. இரவென்றும் பாராமல் கொண்டு ஓடுங்கோ.

இங்கே கிடைக்கும் உதவியை வாங்குவதற்குக் கூச்சப்படவும் வேண்டாம். ஹெபாமே முதல் 10 நாளும் தினமும் வரலாம், அதன்பின் 12 கிழமைவரை தேவைக்கேற்ப வரலாம். காசு காப்புறுதி கட்டும். அகதி விண்ணப்பம் முடியாமல் முகாமில் இருக்கும் பெண்ணுக்கும் ஹெபாமேயின் உதவி சட்டப்படி உரிமை. ஆனால் ஆள் கிடைப்பது கஷ்டம், வயிற்றில் பிள்ளை என்று தெரிந்த உடனேயே தேடத் தொடங்குங்கோ.

பிள்ளை பிறந்த முதற்கிழமையில் காரணமில்லாமல் அழுகை வருவது வழமை. இரண்டு கிழமை தாண்டியும் அழுகை நிற்காவிட்டால், பிள்ளையைப் பார்க்கவே பிடிக்காவிட்டால், அது கண்ணூறுமல்ல, கொழுப்புமல்ல. அது வருத்தம். அதற்கு வைத்தியம் இருக்கிறது. போரையும் முகாமையும் கடந்து வந்த பெண்களுக்கு இதை நாங்கள்தான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

கடைசியாகத் தம்பிமாருக்கு. ஊரில் ஒரு மாமியும் இரண்டு சித்திமாரும் செய்த வேலை இங்கே உங்கள் தலையில்தான். 2007 முதல் இந்த நாடு பிள்ளை பார்க்கிற தகப்பனுக்கும் எல்டர்கெல்ட் கொடுக்கிறது. லீவை எடுங்கோ. சரக்குக்கறி வைக்கப் பழகுங்கோ, அம்மாவிடம் கேட்டால் படிப்படியாகச் சொல்லித்தருவா. பிள்ளை பார்க்க வாறவர்களும் வெறுங்கையோடு வராமல் ஒரு சட்டி சோறு கறியோடு வாருங்கோ. தங்கச் சங்கிலியைத் துடக்குக் கழிவன்று போடலாம்.