கழுமரக் கதையும் கல்வெட்டுச் சாட்சியும்

தேவாரத் தலங்களுக்குத் திருப்பணி செய்வதையே பெரும் பேறாகக் கருதும் நம் செட்டிநாட்டுச் சீமையில், குருபூசை மேடைகளிலும், சைவத்தைச் சாடுவதற்கென்றே கூட்டப்படும் மேடைகளிலும், ஒரே கதை ஒரே உறுதியோடு சொல்லப்பட்டு வருகிறது. சமணம் சார்ந்திருந்த கூன்பாண்டியன், அரசி மங்கையர்க்கரசியாரும் அமைச்சர் குலச்சிறையாரும் திருஞானசம்பந்தரை அழைப்பிக்க, அவர் அருளால் வெப்புநோய் நீங்கிச் சைவத்துக்குத் திரும்பினான் என்பதும், வாதில் தோற்ற சமணர் எண்ணாயிரவரை மதுரையிலே கழுவேற்றினான் என்பதுமே அக்கதை. முன்னவர் இதை வெற்றியாகவும் பின்னவர் பழியாகவும் பேசுகிறார்களே ஒழிய, இது நடந்ததுதானா என்று கேட்பாரைக் காணோம். மன்னன் சமயம் மாறியதை நான் மறுக்கவில்லை. எண்ணாயிரம் பேர் கழுவேறியது சரித்திரம் அன்று என்றே சொல்கிறேன்.

மதத்தின் பேரால் ஓர் அரசு தன் குடிகளை உண்மையிலேயே கொன்றால் எத்தகைய தடயம் எஞ்சும் என்பதற்கு இங்கிலாந்து சாட்சி. தந்தை எட்டாம் ஹென்றி ரோமாபுரியோடு அறுத்துக்கொண்ட உறவை மீட்டுக் கத்தோலிக்க நெறியை நிலைநிறுத்த வேண்டுமென்ற சங்கற்பத்தோடு 1553இல் அரியணை ஏறிய மேரி ராணி, மறு ஆண்டே நாடாளுமன்றத்தைக் கொண்டு நாட்டைப் போப்பாண்டவரோடு சமாதானப்படுத்தினாள். 1555 பிப்ரவரியில் ஜான் ரோஜர்ஸ் என்ற பாதிரியார் லண்டனில் எரிக்கப்பட்டது முதல் 1558இல் ராணி மறையும் வரை ஏறக்குறைய 280 பேர் தீக்கிரையாயினர். அவர்களுள் பெரும்பாலோர் இன்னார், இன்ன ஊரார் என்று சொல்ல முடிகிறது. 1563இல் ஜான் ஃபாக்ஸ் அவர்கள் வரலாற்றைப் பெருநூலாகவே வெளியிட்டார். நம் எண்ணாயிரவருள் ஒருவர் பெயரையாவது யாரேனும் சொல்லக்கூடுமா?

ஏழாம் நூற்றாண்டில் அத்தகைய பதிவேடுகள் ஏது என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆனால் பாண்டியருக்குச் செப்பேடுகள் உண்டு. கூன்பாண்டியன் என ஆராய்ச்சியாளர் பலர் கருதும் அரிகேசரி மாறவர்மனை, அவன் வழிவந்த நெடுஞ்சடையன் எட்டாம் நூற்றாண்டில் அளித்த வேள்விக்குடிச் செப்பேடு புகழ்கிறது. நெல்வேலிப் போரைச் சொல்கிறது. இரணியகர்ப்ப, துலாபார தானங்களைச் சொல்கிறது. களப்பிரர் பறித்த பிரமதேயத்தை மீட்டளித்த அந்த வைதிக சாசனம், பெருமையாகக் கொள்ளத்தக்க செய்தியாக இக்கழுவேற்றம் இருந்திருந்தால் விட்டிருக்குமா? சம்பந்தப் பெருமான் பதிகந்தோறும் பெரும்பாலும் பத்தாம் பாட்டில் சமணரைக் கடிந்தார் என்பது மறைக்க வேண்டாத உண்மை. எனினும் கழுவேற்றம் அவர் வாக்கில் இல்லை. முந்நூறு ஆண்டுகளுக்கும் பின்னர் வந்த நம்பியாண்டார் நம்பியிடம் அது தலைகாட்டுகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழாரிடம் விரிகிறது. பரஞ்சோதியாரிடம் அறுபத்து மூன்றாம் திருவிளையாடலாகவே ஆகிவிடுகிறது. அந்தச் சேக்கிழாருங்கூட, சம்பந்தப் பிள்ளையாருக்குப் பகையில்லை, ஆயினும் சமணர் சைவர் மடத்துக்குத் தீயிட்டவர்கள் ஆதலால் தடுக்கவில்லை என்று சமாதானம் சொல்லிச் செல்வதைப் படிக்கும்போது, அப்பெருங்கவியின் உள்ளம் இதில் கூசியதென்றே எனக்குத் தோன்றுகிறது.

இவற்றினும் வலிய சாட்சி நமக்கு அண்மையிலேயே இருக்கிறது. புதுக்கோட்டை வழியே சித்தன்னவாசல் சென்று அறிவர் கோயில் என்னும் சமணக் குடைவரையுள் அண்ணாந்து ஓவியத்தைப் பாருங்கள்: தாமரைத் தடாகம், அதில் மீன்கள், அன்னங்கள், யானைகள், எருமைகள், நீரில் இறங்கி மலர் கொய்யும் மாந்தர், அவர்களுள் ஒருவன் தாமரைத் தண்டைத் தோளில் சார்த்தி நிற்கிறான். வெளியே பாறையில், ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், அதாவது ஒன்பதாம் நூற்றாண்டில், அக்கோயிலைப் புதுப்பித்து முகமண்டபம் எடுத்தவர் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்று தமிழில் வெட்டியிருக்கிறது. சமணர் பூண்டோடு அழிந்ததாகச் சொல்லப்படும் அதே மதுரையிலிருந்து, இருநூறு ஆண்டுக்குள், ஒரு சமண ஆசிரியர் பாண்டியன் பெயரைச் சொல்லியே திருப்பணி செய்து தம் பெயரையும் ஒளிக்காமல் பொறிக்க முடிந்தது. மதுரையை அடுத்த கீழக்குயில்குடிச் சமணர் மலையிலும், தெற்கே கழுகுமலையிலும், அந்நூற்றாண்டுகளிலேயே தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டன. தேவகோட்டைப் பக்கத்து அனுமந்தக்குடியில் மழவநாதர் என்ற பெயரால் ஜினாலயம் இருப்பதை நம் சீமையாரிலேயே எத்தனை பேர் அறிவார்கள்?

சமணம் தென்பாண்டி நாட்டில் தேய்ந்தது மெய். அரச ஆதரவு கோயில்கள்பால் சாய்ந்தது. பதிகங்கள் ஜனங்களின் நாவில் ஏறின. தலைமுறை தலைமுறையாகக் குடிகள் அந்தப் பக்கம் நகர்ந்தன. கொலைக்களம் ஒன்றைக் கற்பித்து இந்த நெடிய மாற்றத்தை ஒரே நாள் காரியமாக்குவோர், பாலறாவாயரான சம்பந்தரை எண்ணாயிரம் சாவுக்குச் சாட்சியாக நிறுத்துகிறார்கள். வந்தவாசிப் பக்கத்திலும் மேல்சித்தாமூரிலும் இன்றும் தமிழ் பேசி வாழும் சமணக் குடும்பங்களின் காதிலும் இக்கதையே விழச் செய்கிறார்கள். சம்பந்தர் குருபூசை நாளான வைகாசி மூலத்தன்று மேடை ஏறும் பௌராணிகர்கள், மதுரைப் பொற்றாமரைக் குளத்துச் சுவரில் தீட்டியிருந்த கழுவேற்றக் காட்சியை மட்டும் ஆதாரமாகக் கொள்ளாமல், சித்தன்னவாசல் சாசனத்தையும் சபையோருக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.