அறிந்து கொள்வோம்: ஒரு மனை, பல குடி, ஒரு கிணறு

நம் முன்னோர் சிகந்தராபாத்திலும் ஐதராபாத்திலும் வந்து குடியேறிய காலத்தில், வீட்டிலுள்ள ஒருவர் இன்ன பணி செய்கின்றார் என்றால் அஃது இன்னதென்று வீட்டார் அனைவர்க்கும் விளங்கியது. இரயில்வேயில் கணக்கர் என்றாலும், பள்ளியில் ஆசிரியர் என்றாலும், பாட்டியும் அறிவார், பேரனும் அறிவான். 1998 நவம்பரில் மாதாப்பூரில் சைபர் டவர்ஸ் கட்டடம் திறக்கப்பெற்ற பின்னர் நகரின் மேற்குப் பகுதி கணிப்பொறித் தொழிலின் பேரிருப்பிடமாயிற்று. அங்கே பணி புரியும் நம் பிள்ளைகள் பலர், “சர்வர் பார்க்கிறேன்”, “ஸ்டோரேஜ் பார்க்கிறேன்” என்று சொல்லக் கேட்கின்றோம். நள்ளிரவில் தொலைபேசி ஒலிக்கின்றது. மகளோ மகனோ எழுந்து, விடியுமளவும் திரையின் முன் அமர்ந்திருக்கின்றனர். “அப்படி என்னம்மா வேலை?” என்று தாய் வினவினால், “சொன்னால் உனக்குப் புரியாது” என்பதே பெரும்பாலும் விடையாகின்றது. புரியாத செய்தி அதில் ஒன்றுமில்லை. பொதுவில் வாழ்வதால் வரும் நன்மையும், அதனால் வரும் இடரும், அவ்விடரைக் காக்கும் முறையுமே அவ்வேலை. இத்திங்கள் அதனைக் காண்போம்.

ஒண்டுக் குடித்தனம்

பலர் வேண்டும் பணியை ஓயாது செய்து கொடுக்கும் கணிப்பொறிக்குச் சர்வர் என்று பெயர். வங்கியின் கணக்கேடும், மருத்துவமனையின் நோயாளர் பதிவேடும், இரயில் முன்பதிவும் இத்தகைய பொறிகளில் நடைபெறுகின்றன. முன்பெல்லாம் ஒரு பணிக்கு ஒரு பொறி என்று வைப்பது வழக்கம். அப்பொறியின் ஆற்றலில் பெரும்பகுதி பயனின்றிக் கிடக்கும். இடமும் மின்சாரமும் வீணே செலவாகும். நான்கு கட்டு வீட்டில் ஒருவர் மட்டும் வாழ்வது போன்றது அது.

திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் ஒண்டுக் குடித்தனம் இருந்தோர்க்கு இதன் மாற்று வழி தெரியும். ஒரே வீட்டைத் தடுத்துப் பல குடும்பங்களுக்கு விடுவது போல, ஒரே பொறியைப் பங்கிட்டுப் பல பணிகளுக்கு விடலாம். ஒவ்வொரு பங்கும் தன்னைத் தனிக் கணிப்பொறி என்றே கருதி இயங்கும். இதனை மெய்நிகர்க் கணிப்பொறி என்பர். எவர்க்கு எவ்வளவு நினைவகம், எவர்க்கு எவ்வளவு நேரம் என்று அளந்து கொடுக்கும் வீட்டுக்காரராக ஒரு மென்பொருள் அடியில் இருக்கும். அதன் பெயர் ஹைப்பர்வைசர்.

இம்முறை புதியதன்று. ஐபிஎம் நிறுவனத்தார் 1960-களிலேயே தம் பெரும் பொறிகளில் இதனைச் செய்து பார்த்து, 1972-இல் விஎம்/370 என்னும் பெயரால் வெளியிட்டனர். 1998-இல் அமெரிக்காவில் தொடங்கப்பெற்ற விஎம்வேர் நிறுவனத்தால் இது சிறு பொறிகளுக்கும் வந்தது. 2007-இல் லினக்ஸ் இயக்க முறைமையின் உட்பகுதியிலேயே கேவிஎம் என்னும் பெயரால் இவ்வசதி சேர்ந்தது. இன்று ஐதராபாத்தின் பெரிய அலுவலகங்களில் இயங்கும் சர்வர்களுள் பல, கையால் தொடக்கூடிய தனிப் பொறிகள் அல்ல. பங்கிட்ட வீட்டின் குடிகளே.

பொதுக் கிணறு

ஒரு குடியின் உடைமை முழுவதும் அவ்வீட்டிற்குள்ளேயே இருந்தால், வீடு இடியும் நாளில் உடைமையும் உள்ளே சிக்கிக் கொள்ளும். பொறிகளுக்கும் இது பொருந்தும். ஆதலின் தரவுகளைப் பொறியின் உள்ளே வையாது, பல பொறிகளும் சென்று எடுக்கத்தக்க ஒரு பொதுச் சேமிப்பகத்தில் வைக்கின்றனர். பல வீட்டாரும் நீர் இறைக்கும் பொதுக் கிணறு என்று இதனைக் கொள்ளலாம்.

இதனால் விளையும் நன்மைகள் இரண்டு. ஒரு பொறியைப் பழுது பார்க்க வேண்டுமாயின், அதில் வாழும் குடியை வேலை நிற்காமலே வேறு பொறிக்கு மாற்றலாம். 2003-இல் விஎம்வேர் இதனை வழக்கிற்குக் கொணர்ந்தது. தரவு பொதுக் கிணற்றில் இருப்பதால் அதனைத் தூக்கிச் செல்ல வேண்டுவதில்லை. நினைவகத்திலுள்ளவற்றை மட்டும் புதிய பொறிக்கு நகல் எடுக்கின்றனர். எடுக்கும் பொழுதே மாறிவிட்டவற்றை மீண்டும் எடுக்கின்றனர். எஞ்சியவை மிகச் சிறிதான பின், கண்ணிமைப்பொழுது நிறுத்தி, அவற்றையும் மாற்றிப் புதிய இடத்தில் தொடர்கின்றனர். வங்கிக் கணக்கைப் பார்த்துக் கொண்டிருப்பவர்க்கு இஃது ஒன்றும் தெரியாது. மற்றொரு நன்மை, ஒரு பொறி திடீரென வீழ்ந்தால், அதன் குடிகளை வேறு பொறிகள் தாமே ஏற்று மீண்டும் எழுப்புதல்.

இங்கேதான் இடரும் தொடங்குகின்றது. ஒரு பொறி வீழ்ந்தது என்பதை மற்றவை எவ்வாறு அறியும்? “இருக்கிறேன், இருக்கிறேன்” என்று ஒன்றற்கொன்று இடைவிடாது குறிப்பு அனுப்பிக் கொள்ளும். குறிப்பு நின்றால் வீழ்ந்ததாகக் கொள்ளும். ஆனால் பொறி நலமாயிருக்க, இடையிலுள்ள கம்பி மட்டும் அறுந்திருந்தால் என் செய்வது? பழைய பொறி தன் குடியை இயக்கிக் கொண்டே இருக்கும். புதிய பொறியும் அதே குடியை எழுப்பிவிடும். இரண்டும் ஒரே தரவின் மேல் எழுதத் தொடங்கும். ஒரே பேரேட்டில் ஒருவர் எழுதுவதை மற்றவர் அறியாது இரண்டு கணக்கர் எழுதினால் என்ன ஆகுமோ அதுவே ஆகும். சிறிது நேரத்தில் எது மெய்க்கணக்கு என்று எவராலும் சொல்ல இயலாது.

இதற்குக் காப்பாக இரண்டு விதிகளை வகுத்துள்ளனர். பெரும்பான்மை இல்லாத பக்கம் எதையும் இயக்கலாகாது என்பது ஒன்று. மூன்று பொறிகள் இருந்தால் இரண்டு சேர்ந்த பக்கமே ஆளும். இரண்டே பொறிகள் இருந்தால் நடுநின்று வாக்களிக்க மூன்றாவது சாட்சி ஒன்று வேண்டும். பஞ்சாயத்தில் வாக்கு ஒற்றைப்படையாக இருக்க வேண்டும் என்று விரும்புவதும் இதனாலன்றோ? மற்றொரு விதி, பேச்சற்றுப் போன பொறியின் மின்சாரத்தை வெட்டிய பின்னரே அதன் குடியை ஏற்க வேண்டும் என்பது. “இறந்திருப்பான்” என்ற ஊகம் போதாது; உறுதி வேண்டும். இவ்விதிகளால் தொல்லை மிகுகின்றதென்று அவற்றை நீக்கி வைப்பாரும் உளர். ஒரு நாள் கம்பி அறும்பொழுது அதன் விலை தெரியும்.

கிணறு வற்றுதல் மற்றோர் இடர். பத்துக் குடிகளுக்கு நூறு குடம் வீதம் வாக்களித்துவிட்டு, கிணற்றில் ஐந்நூறு குடமே வைத்திருப்பது இத்துறையில் வழக்கம். எல்லோரும் ஒரே நாளில் கேட்க மாட்டார் என்பது நம்பிக்கை. கவனித்து வருவோர்க்கு அது சிக்கனம். கவனியாதார்க்கு அது பொறி. இடம் தீர்ந்த நொடியில் அக்கிணற்றை நம்பிய குடிகள் எல்லாம் ஒருசேர எழுத இயலாமல் நிற்கும். சேமிப்பகம் எவ்வகையாயினும் இடம் தீர்வதன் விளைவு எத்துணைப் பெரிதென்பதற்கு ஜப்பான் நாட்டு நிகழ்ச்சி சான்று. 2023 ஆகஸ்டு 29-ஆம் நாள் டொயோட்டா நிறுவனத்தின் ஜப்பானிய ஆலைகள் 14-உம் நின்றன. இரண்டு நாள் முன்னர் நடந்த பராமரிப்பின்பொழுது வட்டில் இடம் போதாமையே காரணம் என்று நிறுவனமே பின்னர் அறிவித்தது. மாற்றாக வைத்திருந்த ஏற்பாடும் அதே அமைப்பின்மேல் இயங்கியமையால் அதுவும் உடன் தவறிற்று என்றும் அவ்வறிக்கை கூறிற்று.

வழிகள் பல வேண்டும்

கிணற்றுக்குச் செல்லும் பாதையும், விருந்தினர் வரும் வாயிலும், வீட்டுக்காரர் திறவுகோலுடன் நடக்கும் தாழ்வாரமும் ஒன்றாயிருத்தல் ஆகாது. கணிப்பொறிகளை இணைக்கும் பிணையத்திலும், சேமிப்பகத்திற்கு ஒரு வழி, குடிமாற்றத்திற்கு ஒரு வழி, நிர்வாகத்திற்கு ஒரு வழி, வெளியார்க்கு ஒரு வழி என்று பிரித்து வைத்தல் வேண்டும். ஒரே கம்பியில் எண்ணிட்டு வழிகளைப் பிரிக்கும் முறைக்கு வீலேன் என்று பெயர். சேமிப்பகத்துக்கோ தனித்தனிச் சுவிட்சுகளின் வழியாக இரண்டு கம்பிகள் வேண்டும். ஒன்று அறுந்தால் மற்றொன்று தாங்கும்.

இதில் நுண்ணிய பிழைகள் நேர்வதுண்டு. சேமிப்பக வழியில் 9000 பைட்டு அளவுள்ள பெரும் பொதிகளை அனுப்புமாறு இரு முனைகளிலும் அமைத்துவிட்டு, நடுவிலுள்ள ஒரு சுவிட்சை மட்டும் பழைய 1500 அளவிலேயே விட்டுவிட்டால், சோதனைக்கு அனுப்பும் சிறு பொதி எளிதிற் போய்ச் சேரும். மெய்யான சுமை ஏறும்பொழுது எல்லாம் தடைப்படும். “வழி சரியாகத்தானே இருக்கிறது!” என்று இரவெல்லாம் தேடுவர். நம் பிள்ளைகளின் உறக்கத்தைப் பறிப்பவை இத்தகையவையே.

வழி பிரியாமையின் கேட்டை நம் நாடே கண்டது. 2022 நவம்பர் 23-ஆம் நாள் தில்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் சர்வர்கள் தாக்கப்பட்டன. ஐந்து சர்வர்களில் ஏறத்தாழ 1.3 டெராபைட்டுத் தரவு படிக்க இயலாதவாறு பூட்டப்பட்டது. நோயாளர் பதிவும், சேர்க்கையும், விடுவிப்பும் பல நாள் கையெழுத்தில் நடந்தன. பிணையம் செம்மையாகப் பிரிக்கப்படாமை இதற்குக் காரணம் என்று அரசு பின்னர்ப் பாராளுமன்றத்தில் விடையளித்தது. ஆயினும் மருத்துவமனையின் பதிவேடு அழியவில்லை. தாக்குதலுக்கு ஆளாகாத வேறொரு சர்வரில் நகல் இருந்தது. அதனின்றும் தரவு முழுவதும் மீட்கப்பெற்றுப் புதிய சர்வர்களில் ஏற்றப்பட்டது. பெரும்பாலான பணிகள் இரண்டு வாரங்களுக்குப் பின் மீண்டன.

நகல் எங்கே இருக்கின்றது?

இக்கட்டுரையில் ஒன்றை மட்டுமே நினைவிற் கொள்வதாயின் அது இஃதே: கிணற்றின் நகல் அதே கிணற்றில் இருந்தால் அது நகல் அன்று. பொதுச் சேமிப்பகத்தில் ஒரு வட்டு பழுதானால் மற்றொரு வட்டு தாங்கும். அது நல்ல ஏற்பாடே. நேற்றைய நிலையைப் படம் பிடித்தாற்போல் வைத்துக்கொள்ளும் வசதியும் உண்டு, அதுவும் பயனுடையதே. ஆனால் தீப்பிடித்தாலும், பகைவன் புகுந்தாலும், நிர்வாகியே கை தவறி அழித்தாலும், அங்குள்ளவை எல்லாம் ஒன்றாகவே போகும்.

2025 செப்டம்பர் 26-ஆம் நாள் தென்கொரியாவின் தேஜான் நகரிலுள்ள அரசுக் கணிப்பொறி மையத்தில் மின்கலங்களிலிருந்து தீ மூண்டது. 600-க்கும் மேற்பட்ட அரசுப் பணி அமைப்புகள் நின்றன. அவற்றுட் பல பின்னர் மீண்டன. அரசு ஊழியர் தம் அலுவற் கோப்புகளை வைத்திருந்த 858 டெராபைட்டுச் சேமிப்பகம் மட்டும் மீளாமல் எரிந்தது. அளவு மிகப் பெரிதாதலின் அதற்கு வெளியிடத்தில் நகல் எடுக்கவில்லை என்று கூறினர். தில்லியில் நகல் வேறிடத்தில் இருந்தது, தேஜானில் இல்லை. இரண்டிற்கும் இடைப்பட்ட வேறுபாடு அவ்வளவே.

நம் நகரிலும் இவ்வுண்மையை ஒட்டியே பெரிய மையங்கள் அமைகின்றன. 2022 நவம்பரில் அமேசான் வெப் சர்வீசஸ் நிறுவனம் ஐதராபாத்தில் தன் பிராந்தியத்தைத் தொடங்கியபொழுது, மூன்று தனி வலயங்களாக அமைத்தது. ஒன்றன் மின்சாரம் போனால் மற்றது போகாதவாறு இடைவெளி விட்டு அமைப்பதே வலயத்தின் இலக்கணம். ஆயினும் மூன்று வலயங்கள் இருப்பதனாலேயே ஒருவருடைய தரவு மூன்றிலும் இருப்பதாக எண்ணிவிடலாகாது. வைக்குமாறு ஒருவர் அமைத்தால்தான் அது இருக்கும். வைத்ததை மீட்டுப் பார்த்தால்தான் அது நகல் என்று துணியலாம்.

பெற்றோர்க்கு ஒரு சொல். அடுத்த முறை பிள்ளை விடியற்காலையில் களைத்து எழும்பொழுது, “என்ன வேலை?” என்று கேளாமல், “கிணறு நிறைந்திருக்கிறதா? வழி இரண்டும் நன்றாயிருக்கின்றனவா? நகலைத் திறந்து பார்த்தாயா?” என்று கேட்டுப் பாருங்கள். வியப்புடன் அமர்ந்து விடை சொல்வர். பிள்ளைகட்கும் ஒரு சொல். இரவில் அழைப்பு வராமல் இருப்பதே உங்கள் திறமைக்குச் சான்று. அதற்காக ஒருவரும் உங்களைப் பாராட்டார். பகலில் ஒத்திகை பார்ப்பதற்கு நேரம் கேட்டுப் பெறுங்கள். மேலாளர் மறுத்தால், இடர் இன்னதென்று எழுத்தில் கொடுங்கள்.

வீட்டிற்கும் இதுவே நெறி. ஊரிலுள்ள நிலப் பத்திரம், பிள்ளைகளின் சான்றிதழ், மறைந்த பெரியோரின் நிழற்படம் ஆகிய எல்லாவற்றையும் ஒரே கைப்பேசியில் வைத்திருப்பவர், இந்த ஞாயிற்றுக்கிழமையே வேறொரு வட்டில் நகல் எடுத்து, ஊரிலுள்ள உடன்பிறந்தார் வீட்டில் ஒன்றைக் கொடுத்து வைப்பாராக. கொடுக்குமுன் ஒரு முறை திறந்து பார்த்துக் கொள்வாராக.

இப்பொறிகள் இரவும் பகலும் வெளியிடும் வெப்பத்தை எவ்வாறு தணிக்கின்றனர் என்பதை அடுத்த திங்கள் காண்போம்.