ஆண்டறிக்கையின் பயனிலைகள்

பள்ளி ஆண்டறிக்கைகளில் ‘கலை, இசைச் சாதனைகள்’ என்னும் பகுதி ஏறத்தாழ ஒரே வாய்பாட்டில் அமைகிறது. மாணவர் பெயர், வகுப்பு, போட்டி, பெற்ற இடம். முடிவில் ‘பள்ளிக்குப் பெருமை சேர்த்தனர்’ என்னும் தொடர். அத்தொடர்களின் பயனிலைகளை மட்டும் தொகுத்து நோக்கினால் வென்றனர், பெற்றனர், தட்டிச் சென்றனர் என்பனவே மிகுதி. பாடினர், வரைந்தனர், கற்றனர் என்னும் வினைகள் அரிதாகவே தென்படும். ஆயிரம் பிள்ளைகள் பயிலும் பள்ளியில் இருபது பெயர்கள் அச்சேறுகின்றன. எஞ்சியோர் அந்த ஓராண்டில் ஒரு பாட்டையேனும் முழுமையாகக் கற்றார்களா என்பதை அறிக்கையிலிருந்து அறிய வழியில்லை.

இவ்வாய்பாட்டின் உச்சத்தைக் காண விரும்புவோர் கேரளத்திற்குச் செல்லலாம். 1957இல் எர்ணாகுளத்தில் எளிய அளவில் தொடங்கிய பள்ளிக் கலோத்சவம் இன்று ஏறத்தாழ 250 போட்டிகள் கொண்ட பெருவிழா. வெல்லும் மாவட்டத்திற்கு 117½ பவுன் தங்கக் கோப்பை. 2025 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் நடந்த விழாவில் திருச்சூர் 1008 புள்ளிகளும் பாலக்காடு 1007 புள்ளிகளும் பெற்றன. அந்த ஒரு புள்ளியைக் கேரளமே பேசியது. ஒரு மாநிலம் பள்ளிப் பிள்ளைகளின் கூடியாட்டத்தையும் ஒப்பனையையும் இத்துணை ஆர்வத்துடன் பார்ப்பது போற்றத்தக்கது; அதை ஏளனம் செய்வோர் தம் ஊரில் அதன் பத்திலொரு பங்கையேனும் நடத்திக் காட்டட்டும்.

ஆயினும் அவ்விழாவோடு சேர்ந்தே வழங்கும் சொற்கள் இரண்டு: ‘அப்பீல்’, ‘கிரேஸ் மார்க்’. தரநிலையில் நிறைவுறாதோர் மேல்முறையீடு செய்கின்றனர். வழக்குகள் நீதிமன்றம் வரை சென்றுள்ளன. கலாதிலகம், கலாபிரதிபா என்னும் தனிநபர்ப் பட்டங்கள் கைவிடப்பட்டன. முதலிடம், இரண்டாமிடம் என்பவை நீங்கித் தரநிலைகள் வந்தன. பரிசின் வடிவம் மாறியும் போட்டியின் சூடு தணியவில்லை. ஆடை, அணிகலன், பக்கவாத்தியம், தனிப்பயிற்சி ஆகியவற்றின் செலவைத் தாங்கும் குடும்பத்துப் பிள்ளைக்கும் தாங்காத குடும்பத்துப் பிள்ளைக்கும் மேடை மட்டுமே பொது.

2025 விழாவில் பழங்குடியினர் கலைகள் ஐந்து முதன்முறையாகப் போட்டிக்குரியவை ஆயின: மங்கலங்களி, இருள நிருத்தம், பணிய நிருத்தம், பளிய நிருத்தம், மலைப்புலையர் ஆட்டம். மங்கலங்களி காசர்கோட்டு மாவிலர், வேட்டுவர் சமூகத்தினரின் திருமணங்களில் ஆடப்படுவது. அதன் பாடல்களில் துளு ஒலிக்கிறது. பாடநூலிலோ வகுப்பறையிலோ இடமில்லாத மொழிகள் மேடைவழியாகப் பள்ளிக்குள் நுழைந்தன என்பது சிறிய செய்தியன்று. அதே வேளையில், ஊரே கூடி ஆடும் ஆட்டத்திற்கு நேர வரம்பும் நடுவர் மதிப்பெண்ணும் வந்துவிட்டன. அதைப் பழங்குடிப் பிள்ளைகளே ஆடுகின்றனரா, பயிற்சிக் கட்டணம் செலுத்தவல்ல நகரப் பள்ளிகள் கற்று ஆடுகின்றனவா என்பதைப் புள்ளிப்பட்டியல் காட்டாது.

சட்டநூல்களின் சொல்லாட்சியும் கவனிக்கத்தக்கது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்ட அட்டவணை, ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் நூறு பேருக்கு மேல் பயிலும் பள்ளிகளுக்குக் கலைக்கல்விக்கென ஒரு பயிற்றுநர் வேண்டும் என்கிறது. முன்னொட்டாகப் ‘பகுதிநேர’ என்னும் அடையைச் சேர்க்கிறது. அந்த ஓர் அடை பலருடைய வாழ்க்கையைத் தீர்மானித்துவிட்டது. தமிழ்நாட்டில் 2012இல் ஓவியம், இசை, தையல், உடற்கல்வி முதலியவற்றுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் நியமிக்கப்பட்டனர். ஊதியம் பின்னர் உயர்ந்தது. பணிநிரந்தரம் கோரும் போராட்டம் ஆண்டுதோறும் தொடர்கிறது. கலைத்திருவிழாவில் பரிசு பெறும் பிள்ளைக்கு ஆண்டறிக்கையில் ஒரு வரி உண்டு. அப்பிள்ளைக்குச் சுருதி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் மே மாதத்தில் என்ன செய்து பிழைத்தார் என்பதற்கு எவ்வறிக்கையிலும் வரியில்லை.

தேசியக் கல்விக் கொள்கை 2020 பாடம், பாட இணைச் செயல்பாடு என்னும் பிரிவினையே கூடாது என்றது. 2024இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழு ஆறாம் வகுப்புக்குக் ‘கிருதி’ என்னும் கலைப் பாடநூலை வெளியிட்டது. ஓவியம், இசை, நடனம், நாடகம் நான்கும் அதில் உண்டு. நூல் வந்துவிட்டது. நான்கையும் கற்பிக்க எத்தனை பேர் உள்ளனர் என்பது வேறு கணக்கு. சிறு பள்ளிகளில் அவ்வகுப்பைக் கணித ஆசிரியர் பொறுப்பில் எடுத்துக்கொண்டு பாடத்திட்டத்தை ‘முடித்துவிடுவார்’ என்று ஊகிப்பது கடினமன்று.

அடுத்த ஆண்டறிக்கையை எழுதும் தலைமையாசிரியர்கள் பரிசுப்பட்டியலை நீக்க வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கு அது இனிக்கும். அதன் மேலே நான்கு வரிகள் சேர்க்கலாம். வாரத்திற்கு எத்தனை இசை வகுப்புகள் திட்டமிடப்பட்டன, அவற்றுள் தேர்வுக்காக எத்தனை பறிக்கப்பட்டன, ஆர்மோனியம் பழுதின்றி இருக்கிறதா, எந்தப் போட்டிக்கும் செல்லாத எத்தனை பிள்ளைகள் ஓராண்டில் ஒருமுறையாவது பிறர் முன்னிலையில் பாடினர்.