எண்ணிக்கை பெருகினால் போதுமா?

18 வயதைக் கடந்த அனைவரும் வரி செலுத்துநர் அடையாள இலக்கம் பெற வேண்டுமென்ற விதி 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. இத்தகைய பதிவுகளின் எண்ணிக்கையே உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் செயற்றிறன் குறிகாட்டியாகக் கொள்ளப்படுமாயின் விளைவு என்னவாகும்?

ஹற்றன் தோட்டத் தொழிலாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா நாட்சம்பளத்துக்கு மாதம் 25 நாட்கள் உழைத்தாலும் ஆண்டு வருமானம் 405,000 ரூபாவே. அன்றைய வருமான வரி விலக்கு எல்லையோ 12 இலட்சம். அவரைப் பதிந்தால் ஏட்டில் ஓர் இலக்கம் கூடும். திறைசேரிக்கு வருமான வரியாக ஒரு சதமும் சேராது. ஆயினும் 2024இல் 15 வீதத்திலிருந்து 18 வீதமாக உயர்ந்த பெறுமதி சேர் வரியை, சவர்க்காரத்தின் விலையோடு அவர் ஏற்கனவே செலுத்திவிடுகிறார்.

மலையகம் இதனை நன்கறியும். கொழுந்தின் நிறையை மட்டும் வற்புறுத்தினால் முற்றிய இலையும் கூடைக்குள் வரும். தராசு நிறைவு காட்டும், தேயிலையின் தரம் தாழும். எண்ணிக்கையை மட்டும் கேட்டால் அதிகாரிகளும் எளிதில் அகப்படும் நகரத்துச் சிறுவர்த்தகரையே நாடுவர். பெருநிறுவனக் கணக்குகளை ஆராய மாதங்கள் செல்லும். குறிகாட்டியில் அதுவும் ஒன்றாகவே பதிவாகும்.

எனவே, செலுத்த வல்லோரிடம் உரிய வரி பெறப்பட்டதா, தவறான மதிப்பீடுகள் உரிய காலத்தில் திருத்தப்பட்டனவா என்பனவே அளவுகோலாக வேண்டுமென வலியுறுத்துகின்றோம்.