சேம அச்சும் பித்தளைக் கூடும்

கையகல லாரி ஒன்றுக்கு உலோக உறுப்புகள் மாட்டுவதைப் பற்றி இலக்கியம் பேசும் இடத்தில் எழுதுவது சிலருக்கு ஒவ்வாமல் போகலாம். நாம் அதைப் பொருட்படுத்தப் போவதில்லை. புறநானூற்றில் அச்சும் சக்கரமும் வந்தால் உரைகாரர்களின் விரல் பிடித்து நடக்கின்ற நாம், அதே அச்சு வீட்டு முற்றத்தில் உருளும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வதில் நியாயம் ஏதுமில்லை. அதிலும் அதியமானின் தகடூரில், அதாவது இன்றைய தருமபுரியில், உட்கார்ந்துகொண்டு அப்படிச் செய்வது கூடவே கூடாது. காரணம் பின்னால் வரும்.

ஆக்சியல் நிறுவனத்தின் எஸ்சிஎக்ஸ்24, டிராக்சஸ் 2022இல் கொண்டுவந்த டிஆர்எக்ஸ்-4எம் ஆகிய ரிமோட் வண்டிகளை வாசகர்கள் பார்த்திருக்கக்கூடும். முன்னது உண்மை வண்டியில் 24இல் ஒரு பங்கு, பின்னது 18இல் ஒரு பங்கு. இவை விரைந்து ஓடுவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. நான்கு சக்கரங்களையும் முறுக்கிக்கொண்டு கல்லின்மேல் நத்தை போல் ஏறுவதற்காகச் செய்யப்பட்டவை. எங்கள் மாவட்டத்தில் கல்லுக்கா பஞ்சம்? ஆனால் வாங்கிய வாரத்திலேயே பையன்களுக்கு ஒரு நோய் பிடித்துக்கொள்கிறது. பிளாஸ்டிக் உறுப்பு ஒவ்வொன்றையும் கழற்றி எறிந்துவிட்டு, அலுமினிய லிங்க், பித்தளை அச்சுக்கூடு, எஃகு ஷாஃப்ட் என்று மாட்டத் தொடங்குகிறார்கள். வண்டியின் விலையை உறுப்புகளின் விலை தாண்டிவிடுகிறது. லாரி ஓட்டியும் மாந்தோப்புக் குத்தகை எடுத்தும் வருகிற பணத்தில் இது நடக்கிறது என்பதால்தான் எழுத வேண்டியிருக்கிறது. இந்த உலோகத்தில் பெரும்பகுதி தேவையற்றது என்பது நம் கருத்து. தேவையான சிறுபகுதியும் பையன்கள் நினைக்கும் காரணத்துக்காகத் தேவைப்படுவதில்லை.

இரும்பு என்றாலே வலிமை என்று நம்பிப் பழகியவர்கள் நாம். 2004 வரை தருமபுரி மாவட்டத்தில் இருந்து, இப்போது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கும் மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 எனக் கணிக்கப்பட்டிருப்பதாக 2022இல் அறிவிக்கப்பட்டபோது நாமும் மார்தட்டிக்கொண்டோம். ஆனால் வலிமை என்பது பொருளின் குணம் மட்டுமல்ல, அளவின் குணமும்கூட. கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலிலேயே இது இருக்கிறது. ஓர் உருவத்தை 24இல் ஒரு பங்காகச் சுருக்கினால், சுமை தாங்கும் குறுக்குப் பரப்பு 576இல் ஒரு பங்காகக் குறைகிறது. எடையோ 13,824இல் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. அதாவது தன் எடையைத் தாங்கும் திறனில் குட்டி லாரி பெரிய லாரியைவிட 24 மடங்கு தேறியது. எறும்பு தன்னைவிடப் பெரிய அரிசியைத் தூக்குவதும், யானைக்குத் தூண் போன்ற கால் தேவைப்படுவதும் இதனால்தான். ஆகவே அசோக் லேலண்டின் அச்சு எஃகாக இருப்பதால் குட்டி லாரியின் அச்சுக்கூடும் எஃகாக இருக்க வேண்டும் என்று வாதிட முடியாது. நைலான் போதும், பல இடங்களில் தாராளமாகப் போதும்.

அப்படியானால் பித்தளை எதற்கு? எடைக்கு. நைலானைப்போல் ஏறத்தாழ ஏழு மடங்கும், அலுமினியத்தைப்போல் மூன்று மடங்குக்குச் சற்று மேலும் அடர்த்தி கொண்டது பித்தளை. தொப்பூர்க் கணவாயில் சரக்கை உயர ஏற்றிய லாரி வளைவில் சாய்வதற்கும், செங்குத்தான கல்லில் ஏறும் குட்டி லாரி மல்லாந்து விழுவதற்கும் காரணம் ஒன்றே. ஈர்ப்பு மையம் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. முன் அச்சுக்கூட்டில், தரைக்கு மிக அருகில், கொஞ்சம் பித்தளையை வைத்தால் முன்சக்கரம் கல்லைக் கவ்வுகிறது, வண்டி ஏறுகிறது. அதே பித்தளையைக் கூரைக்குக் கொண்டுபோனால் கேடு. எல்லா இடத்திலும் மாட்டினாலோ பட்டாணி அளவு மோட்டாருக்கும் பிளாஸ்டிக் பற்சக்கரங்களுக்கும் தண்டனை. அலுமினியம் பளபளக்கிறது, விலையும் அதிகம்; ஆனால் எடைக்காக மாட்டுகிறவருக்கு அதனால் பயன் சொற்பம்.

இன்னொன்றும் உண்டு. உடைய வேண்டியது உடையத்தான் வேண்டும். பிளாஸ்டிக் லிங்க் அடி வாங்கினால் வளைந்து கொடுக்கிறது, மிஞ்சினால் முறிகிறது. அதை உலோகமாக்கிவிட்டால் அடி மறைந்துவிடுவதில்லை. அடுத்த மெலிந்த இடத்துக்குப் போகிறது. சட்டத்தின் திருகுத்துளை கிழிகிறது, அல்லது கியர்ப்பெட்டிக்குள் பல் போகிறது. துளையை உலோகமாக்கினால் அதற்கும் அடுத்தது. இந்தப் பயணத்துக்கு முடிவில்லை, உறுப்பு விற்பவருக்கு வரவுக்கும் முடிவில்லை. லாரிப் பட்டறைக்காரர்களுக்கு இது பாடமே அல்ல. விலை குறைந்த உறுப்பு முதலில் போகும்படி வைப்பதுதான் வண்டிக்கு நல்லது என்பது அவர்களுக்குக் கைப்பழக்கம்.

இனித் தகடூருக்கு வருவோம். புறநானூற்றின் 102ஆம் பாட்டு, ஔவையார் அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடியது. உப்பு வணிகர்களான உமணர், பாரம் மிகுந்த வண்டியின் அடியில் கட்டிக்கொண்டு போகும் மாற்று அச்சுக்கு அவனை ஒப்பிடுகிறார். அதற்கு அவர் ஆளும் சொல் சேம அச்சு. ஓர் இளவரசனை உதிரிபாகம் என்று புகழும் துணிச்சல் இன்றைய மேடைப் பேச்சாளர் யாருக்கு வரும்? இன்று என்றால் எஞ்சின் என்றோ சாரதி என்றோதான் சொல்வார்கள். நம் வாதத்துக்கு முக்கியமானது வேறொன்று. மேடும் பள்ளமும் முன்கூட்டித் தெரியாத வழியில், பழகாத எருதுகளோடு போகிறவர்கள், அச்சை இருமடங்கு பருமனாக்கவில்லை. பருத்த அச்சு எருதுக்குச் சுமை என்று அறிந்திருந்தார்கள் போலும். முறியும் என்பதை ஏற்றுக்கொண்டு, இன்னொன்றைக் கட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். பிளாஸ்டிக் உறுப்பில் மாற்று ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு கல்லேறப் போகும் பையன் உமணர் வழியில் நடக்கிறான். எல்லாவற்றையும் அலுமினியமாக்கியவன் ஒரு திருகு கிழிந்தாலும் நடந்துதான் வீடு திரும்ப வேண்டும். (சேமம் என்ற அருமையான சொல்லை விட்டுவிட்டு நாம் ஸ்டெப்னி என்கிறோம். வேல்ஸ் நாட்டு லானெத்லி ஊரில் ஒரு தெருவின் பெயர் அது. அங்கே 1900களின் தொடக்கத்தில் செய்யப்பட்ட மாற்றுச் சக்கரம் அந்தப் பெயரோடு நம்மூர் லாரிகளுக்கு வந்து ஒட்டிக்கொண்டது. திரும்பக் கேட்டு வாங்க முடியுமா தெரியவில்லை.)

தகடூரின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார் அவனுடைய படைக்கலக் கொட்டிலைப் பார்த்துச் சொன்னதும் இங்கே பொருந்தும். 95ஆம் பாட்டு. அழகு செய்து அடுக்கிய ஆயுதங்கள் இவனுடையவை. நுனி சிதைந்து கொல்லன் உலைக்கூடத்தில் கிடப்பவை அதியமானுடையவை. புகழ்வதுபோல் பழிப்பது அது. அலமாரியில் கீறல் படாமல் மின்னுகிற குட்டி லாரிகளைக் காணும்போதெல்லாம் நமக்குத் தொண்டைமான் நினைவுதான் வருகிறது.

உலோகமே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. முறுக்கு நேராக விழும் இடங்களில், அதாவது ஷாஃப்டிலும் சக்கரத்தைத் திருப்பும் சர்வோவின் பற்களிலும், எஃகோ பித்தளையோ போடுவது நியாயம். போடும்போது திருகு தலை தேயாத சரியான அளவு ஸ்க்ரூடிரைவர் வேண்டும். உலோகத்துக்குள் போகும் திருகு அதிர்வில் கழன்றுவிடும் என்பதால் அதற்கு ஒரு துளி திருகுப்பசையும் வேண்டும். பிளாஸ்டிக்குக்குள் போகும் திருகுக்கு அந்தப் பசை ஆகாது. கூட்டைத் திறந்து பற்சக்கரம் எதனோடு எது கடிக்கிறது என்று ஒரு முறை பார்த்துவிட்ட பையனுக்கு, பாடப்புத்தகத்தின் படம் பிறகு படமாகத் தெரிவதில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே நாம் இந்தப் பொழுதுபோக்கைத் தடுப்பவர்களின் பக்கம் நிற்கமாட்டோம்.

ஆனால் கடல் கடந்து வரும் பெட்டிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. முன் அச்சுக்கு எடைதான் வேண்டுமென்றால், கார் சக்கரத்தைச் சமன்செய்ய டயர் கடைகளில் ஒட்டும் ஐந்து கிராம் எடைத்துண்டு இரண்டை வாங்கி, கல்லில் உரசாத இடமாகப் பார்த்துக் கூட்டின்மேல் ஒட்டினால் ஆயிற்று. லிங்குக்குப் பழைய சைக்கிள் ஸ்போக் இரண்டு மில்லிமீட்டர் கனத்தில் இருக்கிறது. அளவாக வெட்டி, இரு முனையிலும் பழைய பிளாஸ்டிக் முனைகளையே மாட்டிக்கொள்ளலாம். வளைந்தால் சுத்தியலால் நிமிர்த்தலாம். நான்கைந்து அதிகமாக வெட்டி வைத்துக்கொள்வது நல்லது.