இடிக்காமலும் ஊர் சீராகும்

வெளிநாடு போய் வந்தவர்களிடம் நாம் கேட்கும் முதல் கேள்வி, "என்னென்ன பார்த்தீர்கள்?" என்பதுதான். கோட்டை, அரண்மனை, அருங்காட்சியகம் என்று பட்டியல் வரும், படங்களும் வரும். அங்கே பார்த்ததில் நம் ஊருக்கு உதவுவது எது என்று யாரும் கேட்பதில்லை. சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவைக் குடும்பத்தோடு ஒருநாள் சுற்றிப் பார்த்தேன். அந்தக் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதிலைச் சங்க வாசகர்கள் முன் வைக்கிறேன்.

மகன் கிளாஸ்கோவில் மேற்படிப்புப் படிக்கிறான். அங்கிருந்து எடின்பரோவுக்கு ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. நான், மனைவி, மகன், மகள், எழுபதைத் தாண்டிய என் தாயார் என ஐவரும் எலுமிச்சைச் சாதப் பொட்டலங்களோடு புறப்பட்டோம். இறங்கிய ரயில் நிலையத்தின் பெயர் வேவர்லி. அது சர் வால்டர் ஸ்காட் எழுதிய நாவலின் பெயர். ரயில் நிலையத்துக்கு நாவலின் பெயரை வைத்த ஊர் என்பதே மகளுக்குப் பெரிய ஆச்சரியம்.

கோட்டை, என்றோ அணைந்துபோன எரிமலையின் பாறைமேல் நிற்கிறது. ஞாயிறு தவிர மற்ற நாட்களில் பகல் ஒரு மணிக்கு அங்கே பீரங்கி வெடிக்கும். துறைமுகத்துக் கப்பல்கள் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ள 1861இல் தொடங்கிய வழக்கம் அது. கோட்டையைப் பற்றிப் பயண நூல்களில் நிறையவே எழுதியிருக்கிறார்கள். என்னை நிறுத்தி வைத்தது அதற்குக் கீழே இறங்கும் தெரு.

கோட்டை வாசலிலிருந்து ஹோலிரூட் அரண்மனை வரை ராயல் மைல் என்ற நெடுந்தெரு போகிறது. அதன் இருபுறமும் ஓர் ஆள் மட்டுமே நுழையக்கூடிய சந்துகள். குறுகிய மேட்டில் அமைந்த ஊர் பக்கவாட்டில் வளர வழியில்லாமல் மேல்நோக்கி வளர்ந்தது. 17ஆம் நூற்றாண்டிலேயே ஆறு, ஏழு மாடி வீடுகள் கட்டிவிட்டார்கள். அவற்றில் ஒன்றான கிளாட்ஸ்டோன்ஸ் லேண்டை இன்றும் உள்ளே போய்ப் பார்க்கலாம். தெருவை ஒட்டிக் கடை, அதற்கு மேல் வசதியானவர்கள், உச்சியில் ஏழைகள் என்று எல்லோருக்கும் ஒரே படிக்கட்டு. கழிவுநீரை ஜன்னல் வழியாகத் தெருவில்தான் ஊற்றுவார்களாம்.

முழங்கால் வலியோடு படியில் உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்த என் தாயார், "ஏல, கீழ கடை, மேல வீடு, நடுவுல சந்து. இது நம்ம தாராவிலா!" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மணமாகி நேராகத் தாராவிக்கு வந்தவர் அவர். நான் பிறந்து வளர்ந்ததும் அங்கேதான். நாங்கள் செம்பூருக்கு மாறிவிட்டோம். மாமா குடும்பம் இன்னும் அதே சந்தில், ஏணி வைத்து ஏறும் மாடியில் இருக்கிறது.

அதே தெருவில் பெய்ஸ்லி குளோஸ் என்ற சந்தின் முகப்பில் ஒரு சிறுவனின் முகத்தைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். 1861 நவம்பரில் ஒரு நள்ளிரவில் அங்கிருந்த அடுக்குமாடி வீடு சரிந்து 35 பேர் இறந்தார்கள். தோண்டியவர்கள் நம்பிக்கை இழந்த நேரத்தில், தான் இன்னும் சாகவில்லை என்று இடிபாட்டுக்குள்ளிருந்து குரல் கொடுத்துப் பிழைத்த சிறுவனின் முகம் அது. மழைக்காலம் தோறும் கட்டடம் இடிந்த செய்தி படிக்கும் மும்பைவாசிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அதன்பின் நகரசபை விழித்துக்கொண்டது. சுகாதார அதிகாரியை நியமித்தது. 1867இல் சட்டம் இயற்றிப் பல சந்துகளை இடித்து அகலத் தெருக்கள் போட்டது. காற்று வந்தது, ஆனால் இடிபட்ட வீடுகளில் இருந்த ஏழைகளுக்கு இடம் வரவில்லை.

வேறு வழி காட்டியவர் பேட்ரிக் கெடிஸ். தாவரவியல் படித்தவர். 1880களில் புதுமணத் தம்பதியாக அவரும் மனைவி ஆன்னாவும் நல்ல பேட்டையை விட்டுவிட்டு, ஜேம்ஸ் கோர்ட் என்ற அழுக்கு முற்றத்துக்குக் குடிவந்தார்கள். அக்கம்பக்கத்தாரைச் சேர்த்துக்கொண்டு துப்புரவு செய்து, சுண்ணாம்பு அடித்து, செடி வைத்தார்கள். விழப்போகும் வீட்டை மட்டும் எடுத்துவிடு, அந்த இடத்தில் வெளிச்சம் வரட்டும், மற்றதைப் பழுதுபார், குடியிருப்பவரை விரட்டாதே என்பது அவர் கொள்கை. யுனெஸ்கோ 1995இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பழைய நகரம் இவ்வளவாவது மிஞ்சியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

இந்தக் கெடிஸ் நமக்கு அந்நியர் அல்லர். சென்னை ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பில் 1914இல் இந்தியா வந்தார். அவருடைய நகரமைப்புக் கண்காட்சியைச் சுமந்து வந்த கப்பலை மூழ்கடித்தது, சென்னைமீது குண்டு வீசிய அதே எம்டன்! மனம் தளராமல் வேறு படங்களைத் திரட்டிக் கண்காட்சியை நடத்தினார். மதுரையையும் தஞ்சாவூரையும் தெருத் தெருவாக நடந்து பார்த்தார். தஞ்சைக் கோட்டைப் பகுதியில் வீடுகளை இடித்து நேர்ச்சாலை போடும் திட்டத்தை மறுத்து, சிலவற்றை மட்டும் நீக்கினால் செலவும் குறையும், குடும்பங்களும் பிழைக்கும் என்று காட்டினார். 1919 முதல் சில ஆண்டுகள் நம் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியராகவும் இருந்தார்.

அவர் பாடம் நடத்திய ஊரில்தான் இன்று தாராவியை முழுதாக மாற்றிக் கட்டும் வேலை நடக்கிறது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு அங்கேயே வீடு. மாடியில் இருப்பவர்களுக்கும் பின்னால் வந்தவர்களுக்கும் வேறிடம் என்பது விதி. விடியற்காலையில் இட்லி அவித்து ஊரெங்கும் விற்கும் குடும்பத்துக்கு வீடுதான் தொழிற்சாலை. அதை எங்கோ தள்ளிவைத்தால் சுவர் கிடைக்கும், பிழைப்பு போகும்.

தாராவி இப்படியே கிடக்கட்டும் என்று நான் சொல்லவில்லை. விடியுமுன் பொதுக் கழிப்பிடத்து வரிசையில் நின்றவன் அப்படிச் சொல்ல மாட்டான். தொட்டால் பெய்ஸ்லி குளோஸ் கதிதான் என்னும் நிலையில் உள்ள கட்டடங்களை இறக்கத்தான் வேண்டும். ஆனால் எதை இறக்குவது, யாரை எங்கே வைப்பது என்பதை அங்கே வாழ்பவரைக் கேட்டு முடிவுசெய்ய வேண்டும்.

எடின்பரோவும் குறையற்ற ஊர் அல்ல. பழைய நகரத்து வீடுகள் பயணிகள் தங்கும் அறைகளாக மாறி, குடியிருப்பவர்கள் வெளியேறும் நிலை வந்ததால், 2022 முதல் அதற்குக் கட்டுப்பாடு விதித்திருக்கிறார்கள். தெரு மட்டும் நின்று மனிதர் போய்விட்டால் அது ஊர் அல்ல என்பதை அவர்களும் தாமதமாகத்தான் உணர்ந்தார்கள்.

நம் சங்கம் பொங்கல் விழா நடத்துகிறது, பட்டிமன்றம் நடத்துகிறது; நல்லதுதான். 2024இல் தொடங்கிய தாராவிக் கணக்கெடுப்பில் பழைய மின்கட்டண ரசீதும் ரேஷன் அட்டையும் தேடி அலையும் நம்மவர்கள் எத்தனையோ பேர். மராத்தியில் வரும் அறிவிப்பைப் படித்துச் சொல்லவும், மனு எழுதித் தரவும், மாடிக் குடித்தனக்காரர்களுக்காகக் குரல் கொடுக்கவும் வாரம் ஒருநாள் நான்கு பேர் அங்கே ஒரு மேசை போட்டு உட்காரலாம். வக்கீல்களும் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் நம் உறுப்பினர் பட்டியலில் இல்லாமல் இல்லை. முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுமாறு செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன். இன்னும் மூன்று பெயர்கள் போதும்.