மேட்டூர் மின்சாரமும் இரும்புக்கை மாயாவியும்

1952-ஆம் ஆண்டில் லண்டனும் சேலமும், ஒன்றையொன்று அறியாமலே, காட்டுக்குள் ஒரு விந்தையைத் தேடிக்கொண்டிருந்தன. அவ்வாண்டு பிப்ரவரியில் லண்டனில் தொடங்கிய ‘லயன்’ என்னும் சிறுவர் வார இதழ், ஆப்பிரிக்கக் காட்டில் உலவும் ஆர்ச்சி என்ற இயந்திர மனிதனின் படக்கதையை முதல் இதழிலேயே தந்தது. அதே ஆண்டில், ஏற்காட்டு மலையடிவாரத்தில் டி.ஆர். சுந்தரம் நடத்திவந்த மாடர்ன் தியேட்டர்ஸ், அமெரிக்காவின் லிப்பர்ட் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து எடுத்த படம் ஆங்கிலத்தில் ‘தி ஜங்கிள்’ என்றும் தமிழில் ‘காடு’ என்றும் வெளிவந்தது. வில்லியம் பெர்க் இயக்கத்தில் ராட் கேமரூன், சீசர் ரொமேரோ, மேரி வின்ட்சர் ஆகியோர் நடித்த அப்படத்தில், யானைக் கூட்டங்கள் மிரண்டு ஊர்களை அழிப்பதன் காரணத்தை அறியச் செல்லும் குழுவினர், பனியுகத்தோடு அழிந்ததாகக் கருதப்படும் மாமத் என்னும் மயிர் அடர்ந்த பேரியானைகள் இன்னும் உயிரோடிருப்பதைக் காண்கின்றனர். அவற்றைத் திரையில் காட்டுவதற்கு உண்மையான யானைகளுக்கே மயிர்ப் போர்வை அணிவிக்கப்பட்டது.

தமிழ் அறிவியல் புனைவுப் படங்களைப் பற்றிய பேச்சில், வேற்றுக் கோளிலிருந்து வந்தவன் ஒரு பாடகியைக் கவர்ந்து செல்லும் 1963-ஆம் ஆண்டின் ‘கலை அரசி’ நினைவுகூரப்படும் அளவுக்குக் ‘காடு’ நினைவுகூரப்படுவதில்லை. சேலத்திலேயே உருவான படைப்பு சேலத்திலேயே மறக்கப்பட்டிருப்பது வருந்தத்தக்கது. படம் கலையளவில் சிறந்தது என்று வாதிட இயலாது. ஆயினும் பழைய அறிவியல் புனைவு, அதாவது முந்தைய தலைமுறையினர் அறிவியலின் பெயரால் கண்ட கனவுகளின் தொகுதி, எந்த நிலத்தில் எதைத் தேடியது என்பதற்கு இது அரிய சான்று. மேலைநாட்டுக் கற்பனைக்கு அன்று இந்நிலம் யானையும் புதரும் கிடைக்கும் இறந்தகாலமாகவே இருந்தது.

எதிர்காலம் இந்நிலத்துக்கு வேறு வழியாக, சிவகாசியிலிருந்து வந்தது. சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸ் 1972 ஜனவரியில் வெளியிட்ட முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. இக்கதைத் தொடர் பிரிட்டனின் ‘வேலியண்ட்’ இதழில் 1962-இல் தொடங்கியது; எழுதியவர் அறிவியல் புனைவு நாவலாசிரியரான கென் பல்மர், வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசுஸ் பிளாஸ்கோ. ஆய்வுக்கூட விபத்தொன்றில் வலக்கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்ட லூயி கிராண்டேல், மற்றொரு விபத்தில் உயரழுத்த மின்சாரம் தாக்கியதும் உடல் முழுவதும் மறைந்து, அந்த ஒரு கை மட்டும் அந்தரத்தில் தெரியும்படி ஆகிறான். மின்னேற்றம் குறைந்ததும் உருவம் மீண்டுவிடும். மறுபடி மறைவதற்கு அவன் மின்சாரத்தைத் தேடிச் சென்று தொட வேண்டும்.

இக்கதை லண்டன் சிறுவனுக்குப் பொருள்பட்ட விதமும் நாமக்கல், திருச்செங்கோடு, ராசிபுரம் வட்டாரச் சிறுவனுக்குப் பொருள்பட்ட விதமும் ஒன்றாக இருந்திருக்க முடியாது. அறுபதுகளின் லண்டனில் மின்சாரம் வீட்டுச் சுவரின் பழகிய பகுதி. சேலம் சமவெளியிலோ, 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் நீர்மின் நிலையம் 1937-இலேயே இயங்கத் தொடங்கியிருந்தபோதிலும், மின்கம்பி கிராமத்துக் கிணற்று மேடு வரை வந்து சேர மேலும் பல பத்தாண்டுகள் பிடித்தன. மாடுகளைப் பூட்டித் தோல்பையால் நீர் இறைக்கும் கவலை ஒருபுறம் இருக்க, ‘சர்வீஸ்’ கிடைத்த தோட்டங்களில் மோட்டார் ரூம்கள் எழுந்துகொண்டிருந்த காலத்தில்தான் மாயாவி தமிழுக்கு வந்தான். மண்டையோடும் எலும்பும் வரைந்த சிவப்புத் தகடு தாங்கிய மின்கம்பத்தைக் கடந்து பள்ளிக்கு நடந்த பிள்ளைகளுக்குக் கரண்டு என்பது தண்ணீர் தரும் வரமும் தொட்டவரைக் கொல்லும் அச்சமுமாக ஒருசேர அறிமுகமாகியிருந்தது. அந்தக் கரண்டையே வேண்டித் தொட்டு வலிமை பெறும் ஒருவன் அவர்களுக்கு எதிர்கால மனிதனாகத் தோன்றியதைவிட, வீட்டுக்கு வெளியே கம்பியில் ஓடிக்கொண்டிருந்த நிகழ்காலத்தின் மர்மத்தை விளக்கியவனாகத் தோன்றினான் என்று கொள்வதே பொருந்தும். இறக்குமதியான கதை ஊன்றி நின்றதற்குச் சாகசம் மட்டுமே காரணமன்று. சிறுவர் தம் கண்முன் காணும் பொருளொன்றை அது தொட்டது.

இன்று அக்கதைகளை மீண்டும் வாசிப்பவர், சிறுவயதில் கவனிக்கத் தவறிய இரண்டைக் காணலாம். முதலாவது, கிராண்டேல் தொடக்கத்தில் நல்லவன் அல்லன். கிடைத்த ஆற்றலால் நிலைதடுமாறிக் குற்றத்தில் இறங்கும் அவன், பின்னரே உளவுப்படையில் சேர்ந்து நாயகனாகிறான். ஆற்றல் அறத்துக்கு முன்பே வந்துவிடுகிறது என்ற இந்தக் கவலை, சிறுவர் கதையில் எதிர்பாராத முதிர்ச்சி. 1965-இல் பிரிட்டனின் ‘லயன்’ இதழில் அறிமுகமான ஸ்பைடரும் குற்றவுலகின் மன்னனாகத் தொடங்கிப் பின்னர் குற்றவாளிகளுக்கு எதிராகத் திரும்பியவனே. சூப்பர்மேனைப் படைத்த இருவருள் ஒருவரான ஜெர்ரி சீகல் அக்கதைகள் பலவற்றை எழுதினார். இரண்டாவது, கதைகளின் ஓட்டம். மூலத்தில் வாரத்துக்குச் சில பக்கங்களே வந்ததால் ஒவ்வொரு தவணையின் முடிவிலும் ஆபத்தொன்று வைக்கப்பட்டது. தமிழில் அவை ஒரே நூலாகத் தொகுக்கப்பட்டபோது, சில பக்கங்களுக்கு ஒருமுறை உயிர் ஊசலாடும் மூச்சுமுட்டும் வேகம் பிறந்தது.

எல்லாவற்றையும் ஏக்கத்தோடு ஏற்றுவிடவும் கூடாது. 1984-இல் எஸ். விஜயன் சிவகாசியிலிருந்து தொடங்கிய லயன் காமிக்ஸ் வழியே தமிழ்ச் சிறுவர் அறிந்த ஆர்ச்சியின் தொடக்கக் காலக் கதைகள், ஆப்பிரிக்க மக்களைக் காட்டுமிராண்டிகளாகக் காணும் காலனியப் பார்வையில் உருவானவை. இன்றைய பிள்ளைகளின் கையில் கொடுக்கும் பெற்றோர் இதைக் கூடவே எடுத்துச் சொல்லக் கடமைப்பட்டவர்கள். மாமத் யானைகளுக்காகச் சேலத்தைத் தேடிவந்த படத்தைப் பார்க்கும்போதும் இதே விழிப்பு தேவை.

முத்து காமிக்ஸ் 2022-இல் ஐம்பதாண்டைக் கடந்துவிட்டது. மாயாவியின் சாகசங்கள் மறுபதிப்பாகவும் வந்துள்ளன. எனினும் மறுபதிப்பு சேகரிப்பாளரின் அலமாரிக்குப் போய்ச் சேர்வதோடு நின்றுவிடுகிறது. சேலம், நாமக்கல் மாவட்ட மைய நூலகங்களின் சிறுவர் பிரிவில் இவற்றுக்கு ஓர் இடம் ஒதுக்கி, அருகிலேயே மாடர்ன் தியேட்டர்ஸின் வரலாற்றையும் வைத்து, ஆண்டுக்கு ஒருமுறையேனும் ‘காடு’ அல்லது அதன் ஆங்கில வடிவத்தைத் திரையிடுவது எளிதில் செய்யக்கூடியதே. மேட்டூர் மின்நிலையத்தைச் சுற்றுலாவில் பார்த்துத் திரும்பும் ஆறாம் வகுப்பு மாணவர்க்கு மாயாவியின் முதல் கதையை வாசிக்கத் தந்து, கரண்டு இல்லாத கிணற்றைப் பற்றி வீட்டுப் பாட்டிமாரிடம் கேட்டு எழுதிவரச் சொல்லும் ஆசிரியர், அறிவியல், வரலாறு, தமிழ் ஆகிய மூன்று பாடங்களையும் அந்த ஒரு வேலையிலேயே நடத்திவிடுவார்.